‘ராத்திரி சோறே தொடுறதில்லை’: உணவியல் நிபுணர் கேட்கும் கேள்விகள்

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தபோது அவருக்கு வயது 61. அரசு பஸ்ஸில் கண்டக்டராக முப்பது வருஷம் ஓடி ஓய்ந்தவர். கும்பகோணத்தில் காட்டிய மருத்துவமனையில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், கூடவே அச்சடித்த ஒரு தாளையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். காலையில் ஓட்ஸ், பத்து மணிக்கு ஓர் ஆப்பிள், மதியம் இரண்டு சப்பாத்தியும் ப்ரோக்கோலியும், இரவு சூப். எல்லாம் ஆங்கிலத்தில். உட்கார வைத்து யாரும் எதையும் விளக்கவில்லை. அம்மா அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். ஓட்ஸ் மூன்று நாள் ஓடியது. ப்ரோக்கோலி எங்கள் தெருக் காய்கறிக்கடைக்கு வந்ததே இல்லை. எட்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால், மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 9.2-இலிருந்து 9.1-க்கு வந்திருந்தது. அவ்வளவுதான். மாத்திரை சரியில்லை என்றார் அப்பா. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் தஞ்சாவூரில் ஓர் உணவியல் நிபுணரிடம் போனோம். போனில் நேரம் வாங்கியபோதே, “வீட்ல சமைக்கிறவங்களையும் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார். அதனால் அம்மாவும் வந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். எட்டு மாதமாக அப்பாவின் சாப்பாட்டைப் பற்றி டாக்டர், நர்ஸ், மருந்துக்கடைக்காரர் என்று எல்லோரும் அப்பாவிடமே பேசிக்கொண்டிருந்தார்கள். கரண்டி அம்மா கையில் இருந்தது.

நிபுணர் முதலில் அப்பாவிடம் கேட்டார்: “ஐயா, நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் வாயில போட்டதெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லுங்க. டீ, பிஸ்கட், கோயில் பிரசாதம், எதையும் விடாதீங்க.”

அப்பா நல்ல பிள்ளையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் கொஞ்சம் பெருமையாகவே, “ராத்திரி சோறே தொடுறதில்லைங்க. டிபன்தான்” என்றார்.

“என்ன டிபன்?”

“இட்லி. நாலு.”

“ஆறு,” என்றார் அம்மா. “சட்னி மிச்சம் இருந்தா அப்புறம் ஒரு தோசை.”

நிபுணர் சிரிக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து மூன்று அளவில் எவர்சில்வர் டம்ளர், இரண்டு குழிக்கரண்டி, ஒரு கிண்ணம் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். “உங்க வீட்டுக் கரண்டி இதுல எது மாதிரிம்மா? மாவுக்கு அரிசி எத்தனை பங்கு, உளுந்து எத்தனை பங்கு போடுறீங்க?” நாலுக்கு ஒன்று என்றார் அம்மா. “அப்ப இட்லியும் அரிசிதான் ஐயா. நீங்க ராத்திரியும் சோறு சாப்பிட்டுட்டுத்தான் இருக்கீங்க, உருண்டையா வேக வெச்சு.”

தமிழ்நாட்டில் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமலே பல வருஷம் சர்க்கரையோடு வாழ்கிறவர்கள் ஏராளம். நமக்கு ‘சாப்பாடு’ என்றால் சோறு. இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு, பொங்கல் எல்லாம் ‘டிபன்’ கணக்கில் போய்விடும். அதனால் காலையில் டிபன், மதியம் சாப்பாடு, இரவு டிபன் என்று மூன்று வேளையும் அரிசி சாப்பிடுகிற மனிதர், ‘ஒருவேளைதான் சோறு’ என்று மனசாரச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. நம் பேச்சு வழக்கே அப்படி. இந்த வழக்கு தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்டால்தான் இது வெளியே வரும். அச்சடித்த தாள் கேள்வி கேட்காது.

அந்த நிபுணர் செய்ததற்கு உணவியலில் ஒரு பெயர் இருக்கிறது: 24 மணி நேர உணவு நினைவுகூரல். பெரிய ஆய்வுகளிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது எளிதாகத் தோன்றும். ஆனால் மனிதர்கள் வேளைகளைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள், இடைவேளைகளை மறந்துவிடுவார்கள். சமைக்கும்போது ருசி பார்த்தது, பேரன் மிச்சம் வைத்த பிஸ்கட், பஸ் ஸ்டாண்டில் நண்பரைப் பார்த்தபோது குடித்த டீ. அப்பாவின் கணக்கில் ஒரு நாளைக்கு ஐந்து டீ வந்தது. சர்க்கரை போடுவதில்லை என்று அடித்துச் சொன்னார். உண்மைதான், வெள்ளைச் சர்க்கரை போடவில்லை. நாட்டுச்சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார், டீக்கு இரண்டு ஸ்பூன். அது உடம்புக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. ரத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான் என்று பொறுமையாக விளக்கினார் நிபுணர்.

சப்பாத்திக் கதையும் இப்படித்தான். சுகர் வந்தால் சப்பாத்திக்கு மாறு என்பது நம் ஊரில் வேதவாக்கு. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. கோதுமை மாவில் சுமார் 64, கேழ்வரகில் சுமார் 67. வித்தியாசம் இருக்கிறது, கோதுமையிலும் கேழ்வரகிலும் நார்ச்சத்து அதிகம் என்பதும் சரி. ஆனால் ஐந்து சப்பாத்தியை உருளைக்கிழங்கு குருமாவோடு சாப்பிட்டால் அந்த லாபம் எங்கே நிற்கும்? கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் அதுவும் சீக்கிரமே சர்க்கரையை ஏற்றிவிடும். எந்தத் தானியம் என்பதோடு எவ்வளவு, எப்படிச் சமைத்தது, எதோடு சேர்த்து என்ற மூன்றும் சேர்ந்துதான் கணக்கு. இந்த மூன்றும் வீட்டுக்கு வீடு மாறும்.

இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது அது. பெரியவர்களில் நாட்டுச் சராசரி 11.4%, தமிழ்நாட்டில் 14.4%. அதே ஆய்வின் உணவுக் கணக்கில், நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் சுமார் 62% மாவுச்சத்திலிருந்து மட்டும் வருகிறது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் புதுப்பித்த உணவு வழிகாட்டியில் 2,000 கலோரிக்கு ஒரு மாதிரித் தட்டு கொடுத்திருக்கிறார்கள்: நாள் முழுவதற்கும் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம், பால் 300 மில்லி. தானியத்தைவிடக் காய்கறி அதிகம் என்பதைக் கவனியுங்கள். நம் வாழை இலையில் நடுவில் மலையாகச் சோறும் ஓரத்தில் இரண்டு விரல் பொரியலும் இருப்பதை நினைத்துப் பார்த்தால், தலைகீழாக இருப்பது புரியும்.

இந்த ஹைதராபாத் நிறுவனம் பிறந்தது நம் நீலகிரியில். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய சிறு பிரிவு அது. பெரிபெரி வந்தால் கால் மரத்துப்போகும், வீங்கும், இதயம் பலவீனமாகும். காரணம் தீட்டிய வெள்ளை அரிசி. தவிட்டோடு வைட்டமின் பி1 போய்விடுகிறது. நெல்லை ஊற வைத்து அவித்துக் குத்தும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடும், அதனால் புழுங்கல் அரிசி சாப்பிடுகிறவர்களுக்குப் பாதுகாப்பு. பிறகு மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். பாலும் பருப்பும் முழுக் கோதுமையும் காய்கறியும் சேர்ந்த சீக்கியர் உணவில் எலிகள் நன்றாக வளர்ந்தன. எடை மிகக் குறைவாக வளர்ந்தவை ‘மதராஸ்’ உணவு கொடுக்கப்பட்ட எலிகள். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம் தட்டில் எது கூடுதல், எது குறைவு என்று குன்னூரில் பதிவாகிவிட்டது. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு 1937-இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலைக் கொண்டுவந்தார். ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத் போனது. 2017-இல் அங்கிருந்து வந்த உணவுப் பகுப்பாய்வு அட்டவணையில் 528 உணவுப் பொருட்கள் இருக்கின்றன. தஞ்சாவூரில் அந்த உணவியல் நிபுணர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவர் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருந்தது. வெளியூர் ஆப்பிளையும் ஓட்ஸையும் நம்பாமல் சுண்டைக்காய்க்கும் முருங்கைக்கீரைக்கும் கணக்குப் போட முடிவது அதனால்தான்.

சரி, இதெல்லாம் பலன் தருமா? சர்க்கரை நோயைப் பொறுத்தவரை, தரும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது, அதுவும் சென்னையிலிருந்தே. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு மூன்று வருஷம் தொடர்ந்தார்கள். வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55% பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவு, நடை பற்றித் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசி, விடாமல் தொடர்புகொண்டு விசாரித்த குழுவில் 39.3% பேருக்குத்தான் வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவில் 40.5%. பேச்சும் தொடர்ச்சியும் மாத்திரைக்குச் சமமாக நின்றிருக்கின்றன. அப்படியும் நூற்றில் 39 பேருக்கு நோய் வந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கு, தகுதி பெற்ற உணவியல் நிபுணரின் சிகிச்சையால் ஹெச்பிஏ1சி 0.3 முதல் 2 புள்ளி வரை குறைவதாக அமெரிக்க நீரிழிவு சங்கம் கணக்கிட்டிருக்கிறது. சில மாத்திரைகளால் கிடைக்கும் குறைவும் கிட்டத்தட்ட இந்த அளவுதான்.

அப்பாவுக்கு அவர் எழுதிக் கொடுத்ததில் புதிதாக வாங்க வேண்டிய பொருள் ஒன்றும் இல்லை. இரவு இட்லி மூன்று, கூடவே பருப்பும் காயும் கெட்டியாகப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம். மதியம் சோறு அளந்து ஒரு கிண்ணம், கூட்டோ பொரியலோ இரண்டு கிண்ணம், முட்டை அல்லது சுண்டல். தட்டில் உட்கார்ந்ததும் முதலில் பொரியலைச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோறு பிசைய வேண்டும். டீ இரண்டு, இனிப்பில்லாமல். காலை ஃபில்டர் காபியை விட்டுவைத்தார். “எல்லாத்தையும் ஒரே நாள்ல பிடுங்கினா பத்தாம் நாள் எல்லாம் திரும்பி வந்துடும் ஐயா” என்றார். அம்மாவிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: சோறு போடும் கரண்டியைச் சிறியதாக மாற்றுங்கள். (இது அப்பாவின் எடை, மாத்திரை, ரத்த அறிக்கை எல்லாம் பார்த்து அவருக்காகப் போட்ட அளவு. இதை அப்படியே எடுத்து வேறொருவர் தட்டில் வைத்துவிடாதீர்கள்.)

அளவு மாறும்போது மருந்தும் மாற வேண்டியிருக்கலாம். அதனால் நல்ல நிபுணர் டாக்டருக்கு ஒரு குறிப்பு எழுதுவார், எங்களுக்கும் எழுதிக் கொடுத்தார். இன்சுலினோ சர்க்கரையை வேகமாக இறக்கும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்கிறவர் திடீரென்று சோற்றைக் குறைத்தால், அல்லது ஏகாதசி, ரமலான் நோன்பு என்று பட்டினி கிடந்தால், சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்து மயங்கி விழ வாய்ப்புண்டு. நோன்பு இருக்கவே கூடாது என்பதில்லை. முன்கூட்டியே டாக்டரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து நேரத்தையும் அளவையும் மாற்றித் தர முடியும்.

உணவியல் நிபுணர் இல்லாமல் சமாளிக்கவே கூடாது என்று நான் நினைக்கும் இடம் சிறுநீரக நோய். உடம்புக்கு நல்லது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பல பொருட்கள் அங்கே பகையாகிவிடும். இளநீர், வாழைப்பழம், கீரை, ஆரஞ்சு, தக்காளி எல்லாவற்றிலும் பொட்டாசியம். சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாதபோது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். நட்சத்திரப் பழம் என்று நர்சரிகளில் ஆசையாக வாங்கி வைக்கும் மரத்தின் பழம், சிறுநீரகம் பழுதானவர்களின் மூளை நரம்புகளையே தாக்கும். ‘லோ சோடியம்’ என்று விற்கும் மாற்று உப்புகளில் பலவற்றில் சோடியத்துக்குப் பதில் இருப்பதும் பொட்டாசியம்தான். பார்க்க வந்தவர்கள் அன்போடு இளநீர் வாங்கி வருவார்கள். வேண்டாம் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியாது. காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். இப்படி ஒரு வழி இருப்பதைச் சொல்லிக் கொடுத்தால் அந்த நோயாளி மறுபடி பொரியல் சாப்பிடலாம்.

புரதம் இன்னும் சிக்கல். சிறுநீரகம் ஓரளவு பழுதடைந்து, டயாலிசிஸ் தேவைப்படாத கட்டத்தில் புரதத்தை அளவோடு கொடுக்கிறார்கள், உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை. டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிறது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும்போது சத்தும் வெளியேறுவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு பருப்பையும் முட்டையையும் ஒதுக்கி, எலும்பும் தோலுமாகிப்போனவர்களை டயாலிசிஸ் வார்டுகளில் பார்க்கலாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது. சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். கட்டம் மாறியதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

சின்ன விஷயங்களும் உண்டு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. அந்த டீயை ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி வைத்து, சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நிறையச் சேரும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்ட கையோடு காபி குடிக்கிற வழக்கமும் அப்படித்தான், மாத்திரையில் ஒரு பகுதி வீணாகும். செலவில்லாமல் சரியாகிற இத்தகைய தவறுகளைக் கண்டுபிடிக்க யாராவது அரைமணி நேரம் ஒதுக்கிக் கேட்க வேண்டும். நூறு பேர் வரிசையில் நிற்கும் டாக்டரால் அது முடியாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

யாரிடம் போவது என்பதில் கவனம் வேண்டும். உணவியலைப் பட்டமாகப் படித்தவர்களுக்கு நம் மாநிலத்தில் பஞ்சமில்லை. கோவை அவினாசிலிங்கம் போன்ற இடங்களில் பல தலைமுறையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்திய உணவியல் சங்கம் தேர்வு வைத்துப் பதிவு பெற்ற உணவியலாளர் என்ற சான்றும் கொடுக்கிறது. 2021-இல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம் உணவியலாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் ஆறு வாரப் பயிற்சி முடித்தவரும் ‘நியூட்ரிஷனிஸ்ட்’ என்று இன்ஸ்டாகிராமில் பெயர் போட்டுக்கொள்வதை இன்றும் பார்க்கிறோம். என்ன படித்தீர்கள், மருத்துவமனையில் வேலை பார்த்திருக்கிறீர்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். முதல் சந்திப்பிலேயே பவுடர் டப்பாவை விற்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ரத்த அறிக்கையைப் பார்க்காமல் உணவு எழுதுகிறவரும் வேண்டாம். இன்சுலினை நிறுத்துங்கள், உணவிலேயே சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால், அதிலும் உடம்பில் இன்சுலினே சுரக்காத முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்குச் சொன்னால், அது உயிரோடு விளையாடுவது.

காசு இருக்கிறவர்களுக்குத்தானே இதெல்லாம் என்று கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உணவியல் நிபுணர்கள் இருக்கிறார்கள். வெளிநோயாளிச் சீட்டை வைத்துக்கொண்டு கேட்டால் பார்க்க முடியும். கேட்க வேண்டும் என்று பலருக்குத் தெரிவதில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, அது பெரிய விஷயம். அந்த வாசலில் உட்கார்ந்து இட்லிக் கணக்குக் கேட்க ஒரு வட்டாரத்துக்கு ஓர் உணவியல் நிபுணராவது சேர்ந்தால், மாத்திரையின் அளவே குறையக்கூடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போகும்போது கடைசியாக எடுத்த ரத்த அறிக்கைகள், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம், மூன்று நாள் சாப்பிட்டதை எழுதிய சீட்டு, இவற்றோடு சமைக்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட நாள் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அப்பாவின் ஹெச்பிஏ1சி ஆறு மாதத்தில் 7.3-க்கு வந்தது. மாத்திரையும் அதேதான், மனிதரும் அதே மனிதர்தான். ஃப்ரிட்ஜ் கதவில் அந்த ஆங்கிலத் தாள் இருந்த இடத்தில் இப்போது தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை தஞ்சாவூர் போகும்போது கேட்க வேண்டியதை அதன் பின்பக்கம் அம்மா பென்சிலில் எழுதிக்கொண்டே வருகிறார். சித்திரை மாதத் தாளில் இரண்டு கேள்வி இருந்தது. வரகு அரிசியில் இட்லி போடலாமா என்பது ஒன்று. இன்னொன்று, அவருக்கு மாம்பழம் ரொம்பப் பிடிக்கும், மதியச் சோற்றில் எத்தனை பிடி குறைத்தால் ஒரு கதுப்பு கொடுக்கலாம் என்பது.